மூன்று பேருக்கு மீன்பிடி பெர்மிட்

சேசு மரி சூசை

ஞானஒளிவுபுரம், மதுரை
9-1-1983

அன்புள்ள மாப்பிள்ளை ஆரோக்கியநாதனுக்கு,

மச்சான் சவரியப்பன் எழுதுவது. நானும் பாக்கியமும் பிள்ளைகள் இரண்டும் சுகம். என் தொந்தியும் சுகம். அது ஒன்றுதான் இந்த வீட்டில் பஞ்சம் தெரியாமல் வளர்கிறது. மூணாற்றுக் குளிரில் நீங்களும் தங்கை தெரசாவும் எப்படி இருக்கிறீர்கள்? தெரசா கையெழுத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. மலையேறினால் அண்ணனை மறந்துவிட வேண்டும் என்று எஸ்டேட்டில் ஏதும் சட்டமா?

மாப்ள, ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதை மெய்யாக்கித் தர உங்களை விட்டால் ஆளில்லை.

கப்பலூர்ப் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. மில்லுக்குப் போகிற உதிரிபாகம் பாதியாகிவிட்டது. முதலாளி அழகுமலை ஏழு பேரை நிறுத்தப் பட்டியல் போட்டார். முதல் பெயர் என்னுடையது. ஸ்டோரில் சாமானே இல்லை, ஸ்டோர் கீப்பர் நான் எதற்கு என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். நாற்பத்தேழு வயதில் என்னை எவன் எடுப்பான்?

போன வாரம் பெரிய மில்லின் பர்ச்சேஸ் ஆபீசர் பட்டறையைப் பார்க்க வந்தார். பட்டாளத்தில் மேஜராக இருந்தவர். வருஷ ஆர்டர் அவர் கையில். முதலாளி குழைகிறார், மனிதர் சிரிக்கவே இல்லை. கடைசியில் அவராகச் சொன்னார்: "டேராடூன்ல இருக்கும்போது டிரவுட் மீன் பிடிப்பேன். இறகுல செஞ்ச பூச்சியை வீசிப் பிடிக்கணும். இந்தப் பக்கம் அதுக்கெல்லாம் வழியில்ல." நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஸ்டோர் கீப்பருக்கு இப்போது அதுதான் வேலை. வாய் தானாகத் திறந்தது.

"ஏன் சார் இல்ல? மூணாறுக்கு மேல இரவிகுளம் பார்க் இருக்கு. எங்க மாப்ளதான் அங்க மீன்பிடிச் சங்கத்துக்குச் செயலாளர். போன வருசம் நானே நாப்பது பிடிச்சேன்."

மாப்ள, நான் வாழ்நாளில் பிடித்தது, கொட்டாம்பட்டிப் பக்கம் கண்மாய் வற்றியபோது ஊரோடு சேற்றில் இறங்கி ஊத்தாக் கூடையால் அமுக்கிய நாலு கெளுத்தி.

மேஜர் சிரித்தார். அவரை வழியனுப்பிவிட்டு முதலாளி என் தோளில் கை போட்டார். "மே ரெண்டாவது வாரம். மேஜரு, நானு, நீ. எல்லா ஏற்பாடும் ஒன் பொறுப்பு சவரி." பட்டியலில் என் பெயரை ரப்பரால் அழித்தார். அழித்த தடம் அப்படியே தெரிகிறது.

எஸ்டேட் ஆபீசில் தலைமை எழுத்தராக இருக்கிறவர் உங்களுக்கு மூன்று பேர் பெர்மிட் பெரிய காரியமா? அதோடு அந்தப் பூச்சியை எப்படி வீசுவது என்று தபாலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

தெரசாவை இரண்டு வரி எழுதச் சொல்லவும்.

அன்பு மச்சான்,
சவரியப்பன்


மூணாறு
2-2-1983

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். தெரசாவுக்கு விரலில் குளிர் வெடிப்பு, பேனா பிடிக்க முடியவில்லை. பாக்கியம் அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

தாங்கள் கேட்டபடி எழுதுகிறேன். டிரவுட் சந்தேகப் புத்தியுள்ள மீன். கரையில் நிழல் விழுந்தால் போதும், அன்று முழுக்க வராது. அதற்குப் புழு வேண்டியதில்லை. தண்ணீரில் விழுந்த ஈ மாதிரி ஒன்றை இறகால் கட்டி வீச வேண்டும். சேவலின் கழுத்து இறகுதான் தண்ணீரில் மிதக்கும். இத்துடன் முள்ளோடு கட்டிய ஈ இரண்டு வைத்திருக்கிறேன். உறையைப் பிரிக்கும்போது விரல் பத்திரம்.

தூண்டில் கழியைத் தலைக்கு மேல் பின்னால் கொண்டுபோய் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். பின்னால் போன நூல் முழுவதும் நீண்ட பிறகே முன்னால் வீச வேண்டும். புதியவர்கள் எல்லாரும் அந்த ஒரு மூச்சைத்தான் விடுவதில்லை. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்கவும், இல்லாவிட்டால் நூல் உரசும் சூட்டில் அறும். விடியற்காலைத் தண்ணீர் முழங்காலில் கத்தி மாதிரி இருக்கும். அரை மணிக்குப் பிறகு கால் இருப்பதே தெரியாது, அப்போதுதான் வழுக்கும்.

பெர்மிட் விஷயம் எஸ்டேட் மானேஜர் துரையிடம் சமயம் பார்த்துப் பேச வேண்டும்.

தங்கள் மாப்பிள்ளை,
ச. ஆரோக்கியநாதன்
தலைமை எழுத்தர்


மதுரை
20-2-1983

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் சுகம். தபசுக்காலம் போன புதன்கிழமைதான் தொடங்கியது என்று சாமியார் சொல்கிறார். எங்கள் வீட்டில் பாக்கியம் அதைப் பொங்கலுக்கே தொடங்கிவிட்டாள். "ஒருவேள மட்டும் சாப்புட்டு ஒருசந்தி இருந்தா ஆத்துமாவுக்கு நல்லது" என்கிறாள். ஆத்துமாக்கள் நான்கும் இப்போது மிக நல்ல நிலையில் இருக்கின்றன. என் தொந்தி மட்டும் அஞ்ஞானி, அது குறையவே இல்லை.

பயிற்சி தொடங்கிவிட்டேன். மூங்கில் கழி, சணல் நூல், உங்கள் ஈ, மொட்டை மாடி. முதல் நாள் பாக்கியத்தின் புடவையைப் பிடித்தேன். இரண்டாம் நாள் என் காதை. மூன்றாம் நாள் நீங்கள் சொன்ன மூச்சைப் பின்னால் நிறுத்தி முன்னால் வீசினேன். ஈ அழகாகப் பறந்து பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் முற்றத்தில் விழுந்தது. அவள் கோழி சந்தேகப் புத்தி இல்லாதது. விழுங்கிவிட்டது.

"ஏய்யா, மாடியில நின்னுக்கிட்டு எங்கோழிய நூலு போட்டு இழுக்குறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டாள். முள் தொண்டையில் மாட்டிக்கொண்டதால் கோழியை அறுக்க வேண்டியதாயிற்று. ஒச்சம்மாள் நல்லவள், திட்டிக்கொண்டே பாதியை எங்களுக்குக் கொடுத்தாள். சின்னவள் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, நாளைக்கும் மீன் பிடிக்கப் போறியா?" என்றாள்.

அவள் வீட்டுச் சேவலின் கழுத்து இறகு நாலு இத்துடன் இருக்கிறது. சேவலுக்கும் அவளுக்கும் தெரியாது.

முதலாளி மதராஸிலிருந்து நிஜக் கழியே வரவழைத்துவிட்டார். தினமும், "மாப்ள என்ன எழுதுனாரு?" என்கிறார். சங்கத்து லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி அனுப்புங்கள்.

சவரியப்பன்


மதுரை
14-3-1983

மாப்பிள்ளைக்கு,

சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் இல்லை.

பட்டியலில் இருந்த ஆறு பேரையும் சனிக்கிழமை நிறுத்திவிட்டார்கள். சிவனாண்டி பதினாறு வருஷ ஆள். போகும்போது என்னிடம் வந்து, "ஒனக்காச்சும் மீனு இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். கிண்டல் இல்லை, மனசாரச் சொன்னான். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குகிற அளவுக்கு இருந்ததும் இல்லை என்பது வேறு விஷயம், தொந்தியைப் பற்றித் தமாஷ் சொல்கிறேன்.

பெர்மிட் என்ன ஆயிற்று?

சவரியப்பன்


மூணாறு
25-3-1983

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நாங்கள் சுகம். தெரசாவும் சுகம்.

வரையாடுகள் குட்டி போடுகிற காலம் என்பதால் பூங்காவுக்குள் யாரையும் விடவில்லை. மேயில் திறந்திருக்கும். ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். மேஜர் வயதானவர், பாதை செங்குத்து, அட்டை கடிக்கும். கொடைக்கானல் ஏரியில் படகு விட்டால் அவருக்குப் பிடிக்காதா?

லெட்டர்ஹெட்டை என்னால் எடுக்க இயலாது. அது துரையின் அறையில் இருக்கிறது.

நான் உடனே எழுதாததற்குக் காரணம் வலது தோள். போன மாதக் கடைசியில் எஸ்டேட் ஓடையில் துரையின் விருந்தாளி ஒருவர் பாசியில் வழுக்கினார். அவரைத் தாங்கிப் பிடித்ததில் பிசகிக்கொண்டது. இப்போது பரவாயில்லை.

சேவல் இறகுகள் அருமை. இங்கே அந்தச் செம்பட்டை நிறம் கிடைப்பதில்லை. மூன்று ஈ கட்டிவிட்டேன். நாலாவது இறகைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை,
ச. ஆரோக்கியநாதன்


மதுரை
5-4-1983

மாப்பிள்ளைக்கு,

ஈஸ்டர் முடிந்தது. ஆண்டவர் உயிர்த்துவிட்டார், எங்கள் வீட்டுத் தபசு முடியவில்லை.

கொடைக்கானலில் படகு விடச் சொல்கிறீர்கள். அதற்கு மேஜரை நான் தெப்பக்குளத்துக்கே கூட்டிப்போவேனே. இந்த வருஷம் அங்கே தண்ணீரும் இல்லை, வழுக்கவும் மாட்டார்.

விளையாட்டுப் பேச்சை விடுகிறேன். முதலாளி மே பன்னிரண்டாம் தேதிக்கு அம்பாசடர் கார் சொல்லிவிட்டார். நேற்று ஸ்டோருக்கு வந்து காலி அலமாரிகளைப் பார்த்தபடியே நின்றார். "சவரி, இது மட்டும் பொய்யாப் போச்சுன்னு வையி…" என்று சொல்லிவிட்டு மேலே சொல்லாமல் போனார். அவர் முடித்திருந்தால் தேவலை.

எழுபத்திரண்டில் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தீர்கள். எஸ்டேட் ஆபீசில் தலைமை எழுத்தர் என்று சொல்லித்தானே என் தங்கச்சியைக் கட்டினீர்கள்? பதினோரு வருஷத் தலைமை எழுத்தருக்கு ஒரு துண்டுத்தாள் வாங்க வக்கில்லையா? மச்சான் குடும்பம் தெருவில் நின்றால் அந்த உத்தியோகத்தை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழிக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் இன்னொரு உள்நாட்டுக் கடிதம் வாங்க இன்று தோதில்லை. அதனால் போடுகிறேன்.

சவரியப்பன்


மூணாறு
20-4-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

தெரசா எழுதுகிறேன். நீயும் மதினியும் பிள்ளைகளும் சுகமா? என் விரலில் வெடிப்பு ஒன்றும் இல்லை. எழுதினால் பொய் எழுத வேண்டும், அதனால் எழுதவில்லை.

அண்ணே, அவர் தலைமை எழுத்தர் இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. ஆற்று வாட்சர். மீன் பிடிக்க வருகிற துரைமாருக்குப் பெட்டி சுமப்பார், நூல் சிக்கெடுப்பார், ஈ கட்டிக் கொடுப்பார், ஓடையில் இறங்கப் பயப்படுகிறவர்களை முதுகில் சுமந்து அக்கரை விடுவார். நாங்கள் இருப்பது குவார்ட்டர்ஸ் இல்லை, கூலிக்காரர் லயம். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் என்னிடம் சொல்லி அழுதார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

உன் கடைசிக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மறுநாள் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு துரை பங்களாவுக்கு முன்வாசல் வழியாகப் போனார். இதுவரை பின்வாசல்தான். உள்ளே என்ன பேசினார் என்று சொல்லவில்லை. பெர்மிட்டோடு வந்தார். மே 13, 14. மூன்று பேர். கீழே, "உடன் செல்லும் வாட்சர்: ஆரோக்கியநாதன்" என்று போட்டிருக்கிறது.

அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்: "மச்சானுக்கு வேல போயிரக்கூடாது தெரசா. செயலாளரு லீவுல போயிட்டாருன்னு சொல்லட்டும். அங்க என்னயப் பாத்தா தெரியாத ஆளு மாதிரியே இருந்துக்கிரச் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எழுதிரு."

எழுதிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உன் தங்கச்சி,
தெரசா


மதுரை
28-4-1983

தெரசாவுக்கு,

பெர்மிட் கிடைத்தது. செயலாளர் அவசர வேலையாகக் கோட்டயம் போகிறார் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் வந்து சேருவோம்.

மாப்பிள்ளையின் தோள் இப்போது எப்படி இருக்கிறது?

அண்ணன்


மதுரை
22-5-1983

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு நாளாகத் தாளின் தலைப்பில் சேசு மரி சூசை என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். இப்போது அதையும் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆர்டர் கிடைத்துவிட்டது. மேஜர் மூன்று மீன் பிடித்தார். மூன்றும் உங்கள் ஈயில்தான். ஒரு வருஷத்துக்குப் பட்டறை ஓடும். பட்டியலையே முதலாளி கிழித்துவிட்டார். நான் பிடித்தது பூஜ்யம். "போன வருசம் நாப்பதுன்ன?" என்று முதலாளி கேட்டதற்கு, "அதான் சார் தீந்துபோச்சு" என்றேன். மேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. குனிந்து நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

பார்க்குக்குள் கூட்டிப்போன ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதலாளி உங்களைக் காட்டி, "இவர ஒனக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாதுங்க" என்றேன். அது ஒன்று.

பிறகு ஓடை. மேஜரைத் தூக்கி அக்கரையில் விட்டீர்கள். அவர் மலை மாதிரி ஆள். முதலாளியை விட்டீர்கள். மூன்றாவதாக என் முன்னால் வந்து குனிந்தீர்கள். வேண்டாம், நடந்தே வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அக்கரையில் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிக்கொண்டேன். என்னைத் தூக்கியதும் ஒரு கணம் அப்படியே நின்றீர்கள். வழுக்குகிறதோ என்று பயந்தேன். நடுவில் போகும்போது மெதுவாகச் சொன்னீர்கள்: "மச்சான், காலைத் தூக்கிக்கங்க, தண்ணி சில்லுன்னு இருக்கும்."

கரையேறியதும் முதலாளி கேட்டார், "என்ன சொல்றான் அவன்?" "ஒண்ணுமில்லைங்க, குளுருதாம்" என்றேன். இரண்டு.

திரும்பி வரும்போது போடிமெட்டில் கார் நின்றது. மேஜர் சொன்னார், "அந்த வாட்சர் கை மாதிரி ஒரு கை நான் பாத்ததில்ல. பேர் என்ன?" முதலாளி என்னைப் பார்த்தார். "கேக்கலைங்க" என்றேன். மூன்று.

ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த சீடரைப் பற்றிச் சாமியார் வருஷாவருஷம் வாசிக்கிறார். அவருக்காவது சேவல் கூவிக் காட்டியது. எனக்கு அதுவும் இல்லை. கழுத்து இறகைத்தான் முன்னாலேயே பிடுங்கிவிட்டேனே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் பாக்கியத்திடம்கூடச் சொன்னதில்லை. உங்கள் கல்யாணத்தன்று கோவில் வாசலில் எனக்குக் கை கொடுத்தீர்கள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பேனா பிடிக்கிற கை அது இல்லை என்று அப்போதே தெரியும். இந்த ஆள் உழைக்கிறவன், தங்கச்சிக்குச் சோறு போடுவான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். கேள்வி கேட்கிற வசதி அன்று எங்களுக்கும் இல்லை. பதினோரு வருஷமாக எனக்குத் தெரியும் மாப்ள. தெரிந்துகொண்டேதான் அந்த ஏப்ரல் கடிதத்தை எழுதினேன். எனக்கு ஒரு தலைமை எழுத்தர் தேவைப்பட்டார், அதனால் உங்களை அப்படியே நம்பிக்கொண்டேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

சவரியப்பன்


மதுரை
12-6-1983

மாப்பிள்ளைக்கு,

மலையில் மழை பிடித்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தான். தபால் தாமதமாக வரும் என்று பாக்கியம் சொல்கிறாள். தபால்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

பெர்மிட்டை ஞாபகமாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதில் உங்கள் பெயர் இருக்கிறது.

சவரியப்பன்


மூணாறு, லயம் எண் 4
3-7-1983

சேசு மரி சூசை

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் தெரசாவும் சுகம். தோள் சரியாகிவிட்டது. மழையில் பாதை அடைத்துக்கொண்டதால் தங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் வந்தன. முதல் கடிதத்தைத் தெரசா வாசிக்க நான் கேட்டேன். இரண்டாவது தடவை நான் வாசிக்க அவள் கேட்டாள்.

நான் கோபித்துக்கொண்டதாக எண்ண வேண்டாம். தெரியாத ஆள் மாதிரி இருக்கச் சொன்னவன் நான்தான். ஆனால் சொல்வது லேசாக இருந்தது, நிற்பது லேசாக இல்லை. அவ்வளவுதான்.

ஓடையில் நான் ஒரு கணம் நின்றதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வழுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் இருநூறு பேரைச் சுமந்திருப்பேன். ஆளைப் பார்த்ததும் கனம் இவ்வளவு இருக்கும் என்று முதுகுக்கே தெரியும், அதற்குத் தகுந்தபடி மூச்சுப் பிடித்துக்கொள்வேன். தங்கள் தொந்திக்குத் தகுந்தபடி பிடித்தேன். தூக்கிப் பார்த்தால் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கோட்டும்தான் கையோடு வந்தன. உள்ளே மச்சான் ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருந்தார். அந்த அதிர்ச்சியில் நின்றுவிட்டேன். தெரசாவிடம் சொன்னபோது, பொங்கலிலிருந்து தபசுக்காலம் என்று தாங்கள் எழுதியதை எடுத்து மறுபடி படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

எனக்குப் பதினோரு வருஷம் தலைமை எழுத்தராக இருந்து அலுத்துவிட்டது. தங்களுக்கும் தொந்தி போதும் மச்சான்.

இத்துடன் ஒரு ஈ இருக்கிறது. நாலாவது இறகில் கட்டியது. சின்னவளிடம் கொடுக்காமல், கோழி எட்டாத உயரத்தில் வைக்கவும்.

உருளைக்கிழங்கும் பீன்ஸுமாக ஒரு மூட்டை, அரிசி அரை மூட்டை கட்டியிருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை போடி வழியாக மதுரை மார்க்கெட்டுக்கு வருகிற லாரியில் வரும். டிரைவர் பெயர் சுருளி. வீட்டு வாசலுக்கே கொண்டுவருவார். வந்ததும், "ஆரோக்கியநாதனைத் தெரியுமா?" என்று தங்களைக் கேட்பார். தெரியும் என்று சொன்னால்தான் மூட்டையை இறக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கள் மாப்பிள்ளை,
ச. ஆரோக்கியநாதன்
ஆற்று வாட்சர்